கண்ணாடி வீட்டில் முளைத்த வித்து

வித்து முளைப்பதற்கு ஈரமும் வெப்பமும் காற்றும் வேண்டும். இம்மூன்றும் வேண்டிய அளவில் கூடிவரும் காலத்தையே உழவர் பருவம் என்பர். பருவம் பார்த்து விதைப்பது உழவுத்தொழிலின் முதற்பாடம். ஆடிப்பட்டம் அறிந்து விதைத்த மக்களின் வழிவந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆனால், பருவம் வரும்வரை காத்திராமல், பருவத்தையே ஒரு சிறு கூரையின்கீழ் உண்டாக்கிக்கொள்ள மனிதன் முயன்ற வரலாறு ஒன்று உண்டு. வெளியே பனி பெய்யும்போது உள்ளே கீரையும் மூலிகையும் முளைக்கச் செய்யும் கலை அது. அதற்குரிய கட்டடத்தைக் கண்ணாடி வீடு என்பர். இக்காலத்தார் பசுங்குடில் என்றும் கூறுவர். குளிர்நாட்டார் வளர்த்த இக்கலைக்கும், ஆண்டு முழுதும் வெயிலும் மழையும் காணும் மலேசிய, சிங்கப்பூர் நாடுகளில் வாழும் தமிழர்க்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம்.

தொடர்பு உண்டு, அதுவும் மிக நெருங்கிய தொடர்பு. நம் முன்னோரில் பெரும்பாலோரை இந்நாட்டுக்கு வரவழைத்த பால்மரத்தின் வித்துகள் முளைவிட்டது இலண்டன் மாநகரை அடுத்த கண்ணாடி வீடுகளில்தான். அரசரின் காய்கறிக்காகத் தோன்றிய ஒரு கருவி நம் வரலாற்றுக்கே வாயிலாக அமைந்தது எவ்வாறு என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். காணும்போது ஒரு வினா நம்மைத் தொடர்ந்து வரும். செடிக்கு இத்துணைக் காப்பு அளித்த மனிதன், அச்செடியைப் பேணிய மனிதனுக்கு எத்துணைக் காப்பு அளித்தான் என்பதே அவ்வினா.

நம்மவர் அறிந்த வீட்டு முளை

வீட்டுக்குள் வித்தை முளைக்கவைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. திருமணத்திற்கு முன் பாலிகை தெளிப்பதையும், அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்ப்பதையும் நாம் அறிவோம். சிலப்பதிகாரத்தில் கோவலன், கண்ணகி திருமணத்தின்போது மகளிர் முளைப்பாலிகை ஏந்தி வரும் காட்சியைத் தமிழாசிரியர் நினைவுகூர்வர். மண்ணும் எருவும் இட்ட சட்டிகளில் பலவகைத் தானியங்களைத் தெளித்து, வெயில் படாத அறையில் வைத்து, நாள்தோறும் நீர் தெளித்துப் பெண்கள் பேணி வளர்ப்பர். சில நாள்களில் முளைகள் நெடிதாக எழும். ஆனால் பச்சை நிறம் ஏறாமல் வெளிர்மஞ்சளாகவே நிற்கும்.

இம்மஞ்சள் நிறம் ஓர் உண்மையை நமக்குக் கற்பிக்கிறது. வித்துக்குள் முளைக்கு வேண்டிய உணவு சேமித்து வைக்கப்பட்டுள்ளது. ஆகவே பெரும்பாலான வித்துகள் இருளிலும் முளைக்கும். அச்சேமிப்புத் தீர்ந்தபின் செடி தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளவேண்டும். அதற்கு ஒளி இன்றியமையாதது. குளிர்நாட்டில் வீட்டுக்குள் காய்கறி வளர்க்க விரும்பியவனுக்கு நேர்ந்த இடர் இதுவே. குளிரைத் தடுக்கச் சுவர் எழுப்பினால் ஒளியும் தடைப்படும். ஒளிக்காகத் திறந்து வைத்தால் குளிரும் உடன் புகும். குளிரை வெளியே நிறுத்தி ஒளியை மட்டும் உள்ளே விடும் பொருள் ஒன்று வேண்டும். அப்பொருளைத் தேடிய தேட்டமே கண்ணாடி வீட்டின் வரலாறு.

அரண்மனைக் கீரையும் அமைச்சர் சொல்லும்

இத்துறையில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று சீன நாட்டினது. ஆன் அரச மரபின் வரலாற்று நூல், ஷாவ் ஷின்சென் என்னும் நல்லமைச்சர் ஒருவரைப் பற்றிக் கூறுகிறது. கி.மு. 33ஆம் ஆண்டளவில் அரண்மனைச் செலவுகளை மேற்பார்க்கும் பதவி அவருக்குக் கிட்டியது. அக்காலத்தில் அரண்மனைத் தோட்டத்தில் வெங்காயத்தாள், கூச்சாய், பிற கீரைகள் ஆகியவற்றைக் குளிர்காலத்திலும் விளைவித்தனர். கூச்சாய் என்பது நம் நாட்டுச் சந்தைகளிலும் கட்டுக்கட்டாக விற்கப்படும் பூண்டுமணமுடைய இலை. பாத்திகளுக்கு மேல் கூரை வேய்ந்து, இரவும் பகலும் தீ மூட்டி, அவ்வெப்பத்தால் அவற்றை வளரச்செய்தனர் என்று அந்நூல் கூறுகிறது.

அமைச்சர் இதனை ஏற்கவில்லை. பருவத்துக்கு மாறாக விளைந்தவை உடலுக்குக் கேடு செய்யும் என்றும், அரசர்க்குப் படைக்கத் தகாதவை என்றும் அவர் எடுத்துரைத்தார். அவர் வேண்டியவாறே அத்தோட்ட வேலை நிறுத்தப்பட்டது. ஆண்டுதோறும் பல கோடிக் காசு மிச்சமாயிற்று என்றும் அந்நூல் குறித்து வைத்துள்ளது. பருவமல்லாத கீரை உடலைக் கெடுக்கும் என்ற கருத்தை இன்றைய அறிவியல் ஏற்காது. ஆயினும் செலவைப் பற்றிய கணக்கு பொய்யன்று. செயற்கைப் பருவத்துக்கு விலை உண்டு. அவ்விலையை யார் கொடுப்பது என்ற வினா இக்கலையோடு உடன்பிறந்தது.

உரோமரின் உருளும் பாத்தி

சீன அமைச்சருக்குப் பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து உரோமப் பேரரசில் இதையொத்த செய்தி ஒன்றைக் காண்கிறோம். கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியசு மன்னர் ஒருவகைக் காயின்மேல் பெருவிருப்பம் கொண்டிருந்தார். அது அவர் உணவில் இல்லாத நாளே இல்லை என்று மூத்த பிளினி எழுதுகிறார். அதற்காகத் தோட்டக்காரர்கள் சக்கரம் பூட்டிய பாத்திகளை அமைத்தனர். வெயில் இருக்கும்போது பாத்தியை வெளியே உருட்டி வைப்பர். குளிர்நாளில் ஒளிபுகும் கல் பதித்த சட்டங்களின்கீழ் உள்ளே தள்ளி வைப்பர். அந்தக் கல் மெல்லிய ஏடுகளாகப் பிளக்கக்கூடியது. கண்ணாடிப் பலகை அருமையாக இருந்த காலத்தில் பலகணிகளுக்கும் அதுவே பயன்பட்டது.

அக்காய் வெள்ளரிக்காய் என்றே நெடுங்காலம் கூறிவந்தனர். இன்றைய ஆராய்ச்சியாளர் சிலர் பழைய படங்களையும் சொற்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, அது நீண்டு வளைந்து வளரும் ஒருவகை முலாங்காயாக இருத்தல் வேண்டும் என முடிவு செய்துள்ளனர். வெள்ளரியின் தாயகம் இந்தியா. அது அக்காலத்தில் உரோமர் தோட்டங்களை எட்டியிருக்கவில்லை என்பது அவர்கள் கருத்து. மருத்துவர் கட்டளைப்படி மன்னர் அதனை உண்டார் என்று பிற்காலத்தார் கூறுவதுண்டு. பிளினியோ அவர் விருப்பத்தை மட்டுமே கூறுகிறார்.

உரோமில் செல்வர் பலரும் பின்னர் இம்முறையைக் கையாண்டனர். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த மார்சியல் என்னும் புலவர் இதனை எள்ளிப் பாடியுள்ளார். ஒரு செல்வர் தம் பழமரங்களை வாடைக்காற்றுத் தீண்டாவாறு ஒளிபுகும் சட்டங்களால் மூடிக் காத்தார். விருந்தாக வந்த புலவருக்கோ பலகணி சரியாக அடைபடாத அறையைக் கொடுத்தார். நண்பனாக இருப்பதைவிட உம் மரத்துக்கு விருந்தினனாக இருப்பதே நலம் என்னும் பொருள்படப் புலவர் முறையிடுகிறார். நகைச்சுவைக்காகச் சொன்ன சொல்தான். ஆயினும் நம் வினாவை முதன்முதல் எழுப்பியவர் அவரே எனலாம்.

கொரியரின் எண்ணெய்த்தாள்

ஒளிபுகும் கல்லும் கண்ணாடியும் இல்லாத நாட்டில் இவ்விடரைத் தீர்க்க இயலாதா? இயலும் எனக் காட்டினர் கொரியர். 15ஆம் நூற்றாண்டின் நடுவில் அரண்மனை மருத்துவர் சோன் சுன்-உய் என்பார் ‘சான்கா யோரோக்’ என்னும் வேளாண்மை, சமையல் நூலை எழுதினார். நெடுங்காலம் மறைந்துகிடந்த அந்நூல் 2001ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. குளிர்காலத்தில் காய்கறி விளைவிப்பதற்கான ஒரு கட்டடத்தின் அமைப்பு அதில் காணப்படுகிறது.

மூன்று பக்கமும் மண்சுவர். தெற்கு நோக்கிய பக்கத்தில் எண்ணெய் தோய்த்த தாள் ஒட்டிய பலகணி. எண்ணெய் ஊறிய தாள் ஒளியை உள்ளே விடும். காற்றையும் குளிரையும் தடுக்கும். தரைக்கு அடியில் அடுப்புப் புகை செல்லும் வழிகள். வீடுகளைச் சூடாக்கக் கொரியர் கையாண்ட ‘ஒண்டோல்’ முறை அது. அவ்வாறு சூடேறிய தரையின்மேல் மண் பரப்பி வித்திடுவர். கொப்பரையில் நீரைக் கொதிக்கவைத்து அதன் ஆவியையும் உள்ளே விடுவர். தரை வெப்பம், காற்றின் ஈரம், கதிரொளி ஆகிய மூன்றையும் ஒரே கட்டடத்தில் கூட்டிய இவ்வமைப்பு வியப்புக்குரியது.

மூலிகைத் தோட்டமும் கண்ணாடியும்

ஐரோப்பாவில் இக்கலை மீண்டும் தழைத்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று அரசர் உணவு, மற்றொன்று மூலிகை. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் காய்கறித் தோட்டம் வெர்சாயில் 1678 முதல் 1683 வரை அமைக்கப்பட்டது. அதன் தலைவர் லா கெந்தினி, அழுகும் குதிரைச்சாணத்தின் வெப்பத்தையும் கண்ணாடிக் கவிகைகளையும் கொண்டு, கடுங்குளிர் மாதங்களிலேயே கீரையும் பிற காய்களும் மன்னர் மேசைக்கு அனுப்பினார்.

மூலிகையின் கதை இதனினும் நமக்கு நெருக்கமானது. இலண்டன் மருந்தாளர் கழகத்தார் 1673இல் செல்சி என்னுமிடத்தில் ஒரு மூலிகைத் தோட்டம் அமைத்தனர். 1685 ஆகஸ்ட் 7ஆம் நாள் அங்குச் சென்ற ஜான் எவ்லின் தம் நாட்குறிப்பில் இரண்டு செய்திகளை எழுதினார். செடிவீட்டின் தரைக்கடியில் அடுப்பு வைத்து வெப்பம் செலுத்தப்படுவதால், கடும்பனியிலும் கதவைத் திறந்தே வைக்க இயலும் என்பது ஒன்று. முறைக்காய்ச்சலைத் தீர்க்கும் பட்டையைத் தரும் மரத்தை அங்குக் கண்டதாகக் கூறுவது மற்றொன்று. கொயினா மருந்தைத் தரும் சின்கோனாவே அப்பட்டையின் மரம். முறைக்காய்ச்சல் என்பது நாம் மலேரியா எனக் கூறும் நோய். இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக.

கண்ணாடி நெடுங்காலம் செல்வர் பொருளாகவே இருந்தது. இங்கிலாந்தில் கண்ணாடியின் எடைக்கேற்ப அரசு வரி வாங்கியது. 1845இல் அவ்வரி நீக்கப்பட்டபின் விலை இறங்கிற்று. கியூ தோட்டத்தின் புகழ்பெற்ற பனைவீடு 1844இல் தொடங்கி 1848இல் கட்டி முடிந்தது. பின்னர் நடுத்தர மக்களும், சந்தைக்குக் காய்கறி அனுப்பும் தோட்டக்காரரும் கண்ணாடிக் கூரையின்கீழ் நாற்று வளர்க்கத் தொடங்கினர்.

கண்ணாடி வீடு வெப்பத்தைக் காப்பது எவ்வாறு எனச் சுருங்கக் காண்போம். கதிரவன் ஒளி கண்ணாடியை ஊடுருவி உள்ளே சென்று மண்ணையும் செடியையும் சூடாக்குகிறது. அவற்றைத் தொட்ட காற்றும் சூடேறி மேலே எழ முயல்கிறது. திறந்த வெளியில் அது எழுந்து போய்விடும். குளிர்ந்த காற்று அதன் இடத்துக்கு வரும். கண்ணாடிக் கூரை அதனைப் போகவிடாமல் அடைத்து வைக்கிறது. மண்ணிலிருந்து எழும் நீராவியும் அவ்வாறே அடைபட்டு, இரவில் துளியாகி மீண்டும் மண்ணுக்கே வருகிறது.

வார்டின் பேழை

அடைபட்ட நீராவியின் இத்தன்மையே உலகை மாற்றியது. நத்தானியேல் பாக்சா வார்டு என்பார் இலண்டன் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த மருத்துவர். ஆலைப்புகை மிகுந்த அவ்விடத்தில் அவர் விரும்பி வளர்த்த பெரணிச் செடிகள் பட்டுப்போயின. 1829இல் அவர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடி வைத்தார். பூச்சி வெளிவருவதைக் காண்பதே அவர் நோக்கம். ஆனால் அம்மண்ணிலிருந்து பெரணியும் புல்லும் முளைத்து, நீர் ஊற்றாமலே செழித்து வளர்ந்தன.

வார்டு இதன் பயனை உணர்ந்தார். மரச்சட்டத்தில் கண்ணாடி பதித்து இறுக மூடிய பேழைகள் செய்து, 1833இல் இரண்டில் செடிகளை வைத்து ஆத்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார். பல மாதக் கடற்பயணத்திற்குப் பின்னும் செடிகள் உயிரோடிருந்தன. திரும்பும் பயணத்தில் அப்பேழைகளில் வைத்து அனுப்பப்பட்ட அந்நாட்டுச் செடிகளும் இலண்டனை நலமாக அடைந்தன. அதற்கு முன்னர், கடல்கடந்து அனுப்பிய செடிகளில் பெரும்பாலானவை உப்புக்காற்றாலும் நன்னீர்க் குறைவாலும் மடிந்துவிடுவது வழக்கம். ஆகவே வார்டு பேழையைக் கப்பலில் ஏறிய கண்ணாடி வீடு எனலாம்.

அரசுகளும் வணிகரும் இப்பேழையை உடனே பற்றிக்கொண்டனர். சீனத்துத் தேயிலையை இராபர்ட் பார்ச்சூன் இந்தியாவுக்குக் கொணர்ந்தது இதனால். தென்னமெரிக்காவின் சின்கோனா 1860ஆம் ஆண்டை ஒட்டி நீலகிரிக்கு வந்ததிலும் கண்ணாடிக்குப் பங்குண்டு. பேழையில் வந்த முதற் கன்றுகள் பிழைக்கவில்லை. ஆயினும் பின்னர் வந்த வித்துகளையும் கன்றுகளையும் கொண்டு, உதகமண்டலத்தில் மக்கைவர் என்னும் தோட்ட அறிஞர் கண்ணாடிக் கூரையின்கீழ் அவற்றைப் பெருக்கினார். செல்சியில் எவ்லின் கண்ட மூலிகை இவ்வாறு தமிழகத்து மலைகளில் தோட்டமாயிற்று.

கியூவில் முளைத்த பால்மரம்

இனி நம் கதைக்கு வருவோம். இரப்பர்ப் பாலைத் தரும் மரம் பிரேசில் நாட்டு அமேசான் காடுகளுக்கு உரியது. என்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர், தப்பாஜோஸ் ஆற்றை அடுத்த காடுகளில் ஏறத்தாழ 70,000 வித்துகளைத் திரட்டினார். அவ்வித்துகள் எண்ணெய்ச் சத்து மிக்கவை. நெல்லையும் கீரை விதையையும் போல உலர்த்திச் சேமிக்க இயலாதவை. சில வாரங்களில் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஆகவே கப்பலில் விரைந்து கொணர்ந்து, 1876 ஜூன் 14ஆம் நாள் கியூ தோட்டத்தில் சேர்த்தார். வித்துகளை அவர் களவாகக் கடத்தினார் என்று பின்னர்ப் பலர் எழுதினர். ஆனால் அக்காலத்தில் அவற்றின் ஏற்றுமதியைத் தடுக்கும் சட்டம் எதுவும் பிரேசிலில் இருக்கவில்லை.

மறுநாளே கியூவின் கண்ணாடி வீடுகளில் இடம் ஒழித்து, 300 சதுர அடிக்கு மேற்பட்ட பரப்பில் அவற்றை நெருக்கமாக விதைத்தனர். சில நாள்களிலேயே முளை தோன்றிற்று. ஆனால் மொத்தத்தில் முளைத்தவை 2,700 அளவே. நூற்றுக்கு நான்கும் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் 1,919 கன்றுகளை 38 வார்டு பேழைகளில் அடுக்கி, உடன் ஒரு தோட்டக்காரரையும் அனுப்பி, இலங்கைக்குக் கப்பலேற்றினர். அவற்றில் பெரும்பாலானவை அங்கு நலமாகச் சேர்ந்தன.

சிங்கப்பூருக்கு அவ்வாண்டு அனுப்பிய கன்றுகள் பிழைக்கவில்லை. 1877ஆம் ஆண்டில் கியூவின் ஏற்பாட்டால் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. சில சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தில் நடப்பட்டன. சில பேராக் மாநிலத்துக் கோலகங்சாருக்குச் சென்றன. அக்காலத்து மரம் ஒன்று கோலகங்சாரில் இன்றும் வேலியிட்டுப் போற்றப்படுகிறது. இங்கு வந்தபின் கண்ணாடி தேவைப்படவில்லை. அமேசானின் வெப்பமும் ஈரமும் இந்நாட்டில் இயல்பாகவே இருந்தன.

1888இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவராக வந்த என்றி இரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். தோட்ட முதலாளிகளிடம் வித்துகளைக் கொடுத்துப் பயிரிடுமாறு வற்புறுத்தினார். ‘பித்தர் இரிட்லி’ என்று அவரை எள்ளினர். 1896இல் மலாக்காவில் தான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார் வணிக நோக்கில் முதன்முதல் இரப்பர் பயிரிட்டார். மோட்டார் வண்டி பெருகியது. இரப்பர் விலை ஏறியது. காடுகள் அழிந்து தோட்டங்களாயின.

பேழையில் வந்த கன்றும் மேல்தளத்தில் வந்த மக்களும்

தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. கரும்புக்கும் காப்பிக்கும் முன்னரே தமிழர் வந்ததுண்டு. இரப்பர் அவ்வருகையைப் பன்மடங்கு பெருக்கியது. 1907இல் குடியேற்ற நிதி ஒன்று ஏற்பட்டு, ஆள் திரட்டும் செலவைத் தோட்ட முதலாளிகளிடமிருந்து வசூலித்தது. ஒப்பந்தக் கூலிமுறைக்கு ஆள் எடுப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையோ 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும்வரை நீடித்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய மக்கள் பினாங்குக்கு வந்து, அங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர்.

இரு பயணங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். இலங்கைக்குச் சென்ற கன்றுக்குக் கண்ணாடிப் பேழை இருந்தது. காவலாகத் தோட்டக்காரர் இருந்தார். எத்தனை பிழைத்தன என்ற கணக்கு நூல்களில் இருக்கிறது. மலாயாவுக்கு வந்த தமிழர், வெயிலும் மழையும் படும் கப்பல் மேல்தளத்தில் மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் நெருங்கி அமர்ந்து வந்தனர். வந்தபின் அவர்களுக்குக் கிடைத்த கூரை லயத்துக் கூரை. காடு திருத்திய இடங்களில் தேங்கிய நீரிலும் ஓடைகளிலும் கொசு பெருகியது, மலேரியா பரவியது. தொடக்க ஆண்டுகளில் அந்நோய்க்கு இரையானோர் மிகப் பலர். நம் குடும்பங்களில் பெயர் மட்டுமே எஞ்சிய, கல்லறையும் அறியப்படாத முன்னோர் உண்டல்லவா? அவர்களுள் பலர் இவ்வாறு மறைந்தவரே.

அந்நோய்க்குத் தோட்ட மருத்துவமனைகளில் கொடுக்கப்பட்ட மருந்து கொயினா. பால்மரமும் சின்கோனாவும் ஒரே வகைக் கண்ணாடிக் கலையால் நாடு பெயர்ந்தவை. ஒன்று மக்களை நோய் மண்டிய காட்டுக்கு அழைத்தது. மற்றொன்று அந்நோய்க்கு மருந்து தந்தது. ஆயினும் மருந்து மட்டும் போதுமானதன்று. 1901 முதல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் நீர்வழிகளைச் சீர்செய்து கொசுவை ஒழித்து, நோயைக் குறைத்துக் காட்டினார். தொழிலாளியின் வாழிடத்தைச் சீர்செய்தால் அவன் பிழைப்பான் என்பது அதனால் மெய்ப்பிக்கப்பட்டது. செடியைப் பொறுத்தவரை முன்னரே அறிந்திருந்த உண்மையை மனிதனைப் பொறுத்து அறிய இத்துணைக் காலம் ஆயிற்று.

அந்நிலையிலும் நம்மவர் வித்தை மறக்கவில்லை. லயத்தின் பின்புறத்துச் சிறு நிலத்தில் கத்திரியும் வெண்டையும் கீரையும் விதைத்தனர். முருங்கைக் கொம்பும் கறிவேப்பிலைக் கன்றும் நட்டனர். முதலாளியின் மரத்தைப் பகலில் பேணிய கைகள், மாலையில் தமக்கென ஒரு பாத்தியைப் பேணின. அப்பாத்திக்குக் கண்ணாடி இல்லை. தோட்ட அலுவலக ஏட்டில் கணக்கும் இல்லை. ஆனால் குழந்தைகளுக்குக் கீரை கிடைத்தது.

இன்றைய கூரை

இன்று கண்ணாடி வீட்டின் வழித்தோன்றல்கள் நம் நாடுகளிலேயே உள்ளன. கேமரன் மலையில் காய்கறிப் பாத்திகளின்மேல் நெகிழித்தாள் கூரைகள் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. அவை குளிரைத் தடுப்பதற்காக அமைந்தவை அல்ல. கனமழையும் பூச்சியும் தாக்காமல் காப்பதற்காக அமைந்தவை. வெப்பநாட்டில் கூரையின் வேலை இவ்வாறு மாறிவிடுகிறது. சிங்கப்பூரில் கட்டடங்களுக்குள்ளேயே மின்விளக்கின் ஒளியில் கீரை வளர்க்கும் பண்ணைகள் தோன்றின. 2030ஆம் ஆண்டுக்குள் தன் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்நாட்டில் விளைவிக்கும் ஆற்றல் பெறுவது என்று 2019இல் அந்நாட்டரசு குறிக்கோள் அறிவித்தது. 2025 நவம்பரில் அதனைக் கைவிட்டு, 2035க்கெனப் புதிய இலக்குகளை வகுத்தது. கதிரவனுக்கு மாற்றாக மின்விளக்கை எரிப்பதற்கு ஆகும் செலவு சிறிதன்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சீன அமைச்சர் எழுதிய கணக்கு இங்கு நினைவுக்கு வருகிறது.

மற்றொரு கணக்கும் உண்டு. கேமரன் மலையின் கூரைகளின்கீழ் நாற்று நடுவோரிலும் காய் பறிப்போரிலும் பலர் வங்காளதேசம், நேபாளம், மியன்மார் முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தொழிலாளர் வீட்டுவசதிக்குக் குறைந்த அளவுத் தகுதியை வரையறுக்கும் மலேசியச் சட்டம் 1990இல் பிறந்தது. பெருந்தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் மட்டும் உரியதாயிருந்த அச்சட்டம், 2019இல் திருத்தம் பெற்றுப் பிற தொழில்களுக்கும் விரிந்தது. சட்டம் ஏட்டில் இருப்பது ஒன்று. கூரை தலைக்குமேல் இருப்பது வேறொன்று. தக்காளிக்குக் கூரை அமைத்தாயிற்று; தக்காளி பறிப்பவர்க்கு எத்தகைய கூரை என்று கேட்கும் கடமை, லயத்தில் பிறந்த மக்களாகிய நமக்கு மற்றவரினும் மிகுதி.

தமிழாசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

இவ்வரலாற்றை வகுப்பில் சொல்வதோடு செய்தும் காட்டலாம், பெருஞ்செலவு இல்லை. மூன்று தட்டுகளில் மணல் கலந்த மண்ணைப் பரப்புக. கொத்தமல்லி விதையை மெல்ல நசுக்கினால் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரியும். அவற்றை ஓரிரவு நீரில் ஊறவைத்து, விதையின் பருமனைப் போல் இருமடங்கு ஆழத்தில் விதைக்க. வெந்தயமும் நன்கு முளைக்கும். ஒரு தட்டைத் திறந்த பலகணியருகே வைக்க. ஒன்றைக் கண்ணாடிச் சாடியால் கவிழ்த்து நேர்வெயில் படாமல் அதனருகே வைக்க. மூன்றாவதை நிலைப்பேழைக்குள் இருளில் வைக்க. எத்தட்டில் எந்நாள் முளை கண்டது, நிறம் என்ன, உயரம் எத்துணை என்று மாணவர் நாள்தோறும் ஏட்டில் எழுதிவரட்டும். முளை கண்டதும் சாடியை நீக்கிவிடுக. நம் நாட்டு ஈரத்தில் மூடியே வைத்தால் பூஞ்சணம் பற்றித் தண்டு அழுகிச் சாயும்.

மூன்று தட்டுகளும் வளர்ந்தபின், திபேரியசின் உருளும் பாத்தியையும், கொரியரின் எண்ணெய்த்தாளையும், கியூவில் முளைத்த 2,700 கன்றுகளையும் பற்றிச் சொல்லுக. பின்னர், தம் பாட்டனாரோ பூட்டனாரோ எவ்வூரிலிருந்து, எக்கப்பலில், எத்தோட்டத்துக்கு வந்தனர் என்று வீட்டில் கேட்டு எழுதிவருமாறு மாணவரைப் பணிக்க. கன்றுகளின் கணக்கு கியூவில் இருக்கிறது. நம் மக்களின் கணக்கில் விடுபட்டவை பல. அவற்றை எழுதிச் சேர்க்க வேண்டியவர் நாமே. அவற்றை நினைவிற்கொண்ட முதியோர் நம்மிடையே சிலர் இன்னும் வாழ்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நம் பொறுப்பு.